முகப்பு ஊருக்கு, அடுக்களை உங்களுக்கு!

மகளின் பிரசவத்துக்கென்று நியூயார்க் போயிருந்தேன். சுக்கு, ஓமம், அரிசித் திப்பிலி என்று ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போனவளுக்கு, அங்கே போய் ஒரு ஜன்னலோடு மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்று யார் சொன்னார்கள்!

ப்ரூக்ளின் பகுதியில், நூறு வருஷத்தைத் தாண்டிய வீடு ஒன்றில் மகளும் மாப்பிள்ளையும் வாடகைக்கு இருக்கிறார்கள். பழுப்பு நிறக் கல் பதித்த முகப்பு. தெருவிலிருந்து பத்துப் படி ஏறினால்தான் வாசற்கதவு. அந்தப் படிக்கட்டை 'ஸ்டூப்' என்கிறார்கள். ஊரை முதலில் ஆண்ட டச்சுக்காரர்கள் விட்டுப் போன வார்த்தையாம். வெயில் நாட்களில் சாயங்காலமானால் அந்தப் படியில் உட்கார்ந்துதான் ஊர்வம்பெல்லாம். சுருக்கமாகச் சொன்னால் நம் திண்ணை!

எல்லாம் அழகுதான். ஆனால் நவம்பர் பிறந்ததும் முன்னறை ஜன்னல் வழியாகக் கத்தி மாதிரி காற்று உள்ளே வந்தது. பிறந்து இருபது நாள் குழந்தை. தொட்டிலை எந்த மூலைக்கு நகர்த்தினாலும் அந்தக் காற்று தேடி வந்தது.

"ஏண்டி, இந்த ஓட்டை ஜன்னலைக் கழட்டி எறிஞ்சுட்டுப் புதுசா ஒண்ணு மாட்டச் சொல்லேன், வீட்டுக்காரம்மா கிட்டே!" என்றேன்.

"நினைச்சா மாத்த முடியாதும்மா. இது லேண்ட்மார்க் ஏரியா. கமிஷன்ல பர்மிஷன் வாங்கணும்."

"கமிஷனா? தரகருக்கா?"

மகள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக் கொண்டது. தரகர் கமிஷன் இல்லை. ஊரிலுள்ள பழைய வீடுகளையும் கட்டடங்களையும் காப்பாற்றுவதற்கென்றே நியூயார்க் நகராட்சி வைத்திருக்கும் லேண்ட்மார்க்ஸ் ப்ரிசர்வேஷன் கமிஷன். சொந்த வீட்டு ஜன்னலை மாற்ற ஊரைக் கேட்க வேண்டுமா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. குழந்தை தூங்கும் நேரத்தில் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்ட பிறகு, கோபம் முழுக்கப் போகாவிட்டாலும் பாதி போயிற்று.

ஒரு ஸ்டேஷன் இடிந்த கதை

நியூயார்க்கில் பென்சில்வேனியா ஸ்டேஷன் என்று ஒரு ரயில் நிலையம் இருந்தது. 1910-ல் திறந்தது. பழைய ரோமாபுரியின் குளியல் மண்டபங்களை மனத்தில் வைத்துக் கட்டினார்களாம். வரிசை வரிசையாகக் கல் தூண்கள், கல்லில் செதுக்கிய கழுகுகள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. பிற்பாடு ரயில் கம்பெனிக்கு வருமானம் குறைந்தது. ஸ்டேஷனை இடித்துவிட்டு, அந்த இடத்தில் விளையாட்டு அரங்கமும் ஆபீஸ் கட்டடமும் எழுப்ப முடிவு செய்தார்கள். 1962 ஆகஸ்டில் கட்டடக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் அட்டை பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நடந்தார்கள். என்ன பிரயோஜனம்? இடிக்காதே என்று சொல்ல அன்றைக்குச் சட்டம் எதுவும் இல்லை. 1963 அக்டோபர் 28-ந் தேதி இடிக்க ஆரம்பித்தார்கள். தூண்களையும் சிலைகளையும் பக்கத்து மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் குப்பையாகக் கொட்டினார்கள். ரயில் மட்டும் இன்றைக்கும் பூமிக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. 1965 ஏப்ரல் 19-ந் தேதி மேயர் ராபர்ட் வாக்னர் கையெழுத்துப் போட, சட்டமும் கமிஷனும் வந்தன.

அந்தக் கமிஷன் முதன்முதலில் காப்பாற்ற எடுத்துக் கொண்டது எதை என்று நினைக்கிறீர்கள்? மாளிகையா? மாதா கோவிலா? இல்லை. ப்ரூக்ளினில் ஒரு குடியானவரின் மரவீடு! 1637-ல் டச்சு நாட்டிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த பீட்டர் கிளாசென் என்பவரின் வீடு அது. கட்டியது 1652 வாக்கில். வைக்காஃப் வீடு என்று பெயர். இன்றும் நிற்கிறது.

யார் இந்தப் பதினோரு பேர்?

கமிஷனில் 11 உறுப்பினர்கள். மூன்று பேராவது கட்டடக் கலைஞராக இருக்க வேண்டும். சரித்திரம் படித்தவர் ஒருவர், நகர அமைப்போ தோட்ட அமைப்போ தெரிந்தவர் ஒருவர், வீடு-மனை வியாபாரம் தெரிந்தவர் ஒருவர். நகரத்தின் ஐந்து பகுதிகளிலிருந்தும் ஆளுக்கு ஒருவராவது இருந்தாக வேண்டும். தலைவருக்கு மட்டும்தான் சம்பளம், மற்றவர்களுக்குக் கிடையாது.

ஒரு கட்டடம் முப்பது வருஷமாவது பழையதாக இருந்தால்தான் எடுத்துக் கொள்வார்கள். முப்பது வருஷம் பழசா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். நம் வீட்டு இட்லிப் பானைக்கே அதைவிட வயசு அதிகம்! ஆனால் முப்பது என்பது நுழைவுச் சீட்டுதான். அழகு, சரித்திரம், பண்பாடு, இதில் ஏதாவது ஒரு வகையில் அதற்குத் தனிச் சிறப்பு இருக்க வேண்டும்.

இந்த வீட்டைக் காப்பாற்றுங்கள் என்று யார் வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். படித்தவர், படிக்காதவர், சொந்தக்காரர், வாடகைக்காரர் என்ற பேதம் இல்லை. ஆபீஸில் இருப்பவர்கள் பழைய பத்திரங்களைப் புரட்டி, நேரில் வந்து பார்த்து, தகுதி உண்டென்றால் கமிஷன் முன்னால் வைப்பார்கள். பிறகு பொது விசாரணை. அதில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். வேண்டும் என்றும் பேசலாம், வேண்டவே வேண்டாம் என்றும் பேசலாம். அப்புறம் ஓட்டெடுப்பு. ஜெயித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. விஷயம் அத்தோடு முடியாது, நகரசபைக்குப் போகும். ஒப்புக்கொள்ளவோ தள்ளிவிடவோ அவர்களுக்கு 120 நாள் அவகாசம். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. சண்டையெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தனித்தனி வீடாக மட்டுமல்ல, ஒரு தெருவையோ பல தெருக்களையோ சேர்த்தே 'சரித்திர வட்டாரம்' என்று அறிவிப்பதும் உண்டு. 1965 நவம்பரில் ப்ரூக்ளின் ஹைட்ஸ் முதல் வட்டாரமாயிற்று. இன்றைக்கு அப்படி 150-க்கு மேல் இருக்கின்றன. எல்லாம் சேர்த்தால் 37,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் கமிஷனின் பார்வையில். என் மகள் வாடகைக்கு இருக்கும் வீடும் அதில் ஒன்று.

காந்தம் வைத்திருந்த பெண்மணி

இந்தக் கதையில் எங்கே திரும்பினாலும் பெண்கள்தான். கிரீன்விச் வில்லேஜில் ஜெஃபர்சன் மார்க்கெட் கோர்ட் கட்டடம் என்று ஒன்று, செங்கல் கோபுரமும் பெரிய கடிகாரமுமாக. அதை விற்று இடித்துவிட நகராட்சி யோசித்த சமயம், மார்கட் கெய்ல் என்கிற பெண்மணி அக்கம்பக்கத்தாரைத் திரட்டினார். எடுத்த எடுப்பில் கட்டடத்தைக் காப்பாற்றுங்கள் என்று கோஷம் போடவில்லை. "நின்றுபோன கடிகாரத்தை ஓட வையுங்கள்" என்றுதான் ஆரம்பித்தார்! எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். கடிகாரம் ஓட ஆரம்பித்த பிறகு கட்டடத்தை இடிக்க யாருக்கு மனசு வரும்? 1967-ல் அது நூல் நிலையமாயிற்று. இன்றும் குழந்தைகள் அங்கே கதைப் புத்தகம் எடுக்கிறார்கள்.

அதே மார்கட் கெய்ல் பிற்பாடு வார்ப்பிரும்புக் கட்டடங்களின் மேல் ஆசை வைத்தார். சோஹோ என்ற பேட்டையில் கல் மாதிரி தெரிகிற பல முகப்புகள் உண்மையில் இரும்பு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எப்போதும் சின்னக் காந்தம். சுவரில் வைத்தால் டக்கென்று ஒட்டிக் கொள்ளும். கூட வருபவர்களுக்கும் ஆளுக்கொரு காந்தம் கொடுப்பாராம். 1973-ல் சோஹோ சரித்திர வட்டாரமாயிற்று. மார்கட் கெய்ல் 2008-ல் தம் நூறாவது வயதில் காலமானார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வீக்ஸ்வில் கதை. நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை ஒழிந்தது 1827-ல். பதினோரு வருஷம் கழித்து, ஜேம்ஸ் வீக்ஸ் என்ற கறுப்பினத்தவர் ப்ரூக்ளினில் நிலம் வாங்கினார். அவர் பெயரிலேயே ஓர் ஊர் வளர்ந்தது. சொந்த வீடு, சொந்தப் பள்ளிக்கூடம், சொந்தப் பத்திரிகை என்று தலைநிமிர்ந்து வாழ்ந்த ஊர். நியூயார்க் மாநிலத்தின் முதல் கறுப்பினப் பெண் டாக்டர் சூசன் மெக்கின்னி ஸ்டூவர்ட் இந்த மண்ணில் பிறந்தவர்தான். நகரம் பெருத்தபோது புதுத் தெருக்கள் அந்த ஊரை விழுங்கிவிட்டன. பெயர்கூட மறந்து போயிற்று.

1968-ல் ஒரு ஆராய்ச்சியாளர் சிறு விமானத்தில் பறந்து மேலிருந்து பார்த்தார். தெருக்களெல்லாம் கட்டம் போட்ட மாதிரி நேர்நேராக இருக்க, நாலு மரவீடுகள் மட்டும் கோணலாக நிற்பது தெரிந்தது. புதுத் தெருவை ஒட்டி இல்லாமல், மறைந்து போன ஹண்டர்ஃப்ளை ரோடு என்ற பழைய பாதையை ஒட்டி நின்றன! பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கமிஷனின் முன்னால் போய், எங்கள் ஊர் வீடுகளைக் காப்பாற்றுங்கள் என்று பேசினார்கள். 1970-ல் அந்த நாலு வீடும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. அவற்றைப் பழுது பார்த்துக் காட்சிசாலையாக்குவதற்கு ஜோன் மேனார்ட் என்ற பெண்மணி பல வருஷம் உழைத்தார். 2005-ல் திறந்தார்கள்.

மகளும் நானும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். சின்னச் சின்ன வீடுகள். பார்த்தால் பெரிசாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயசு நெருங்கும் அல்லது தாண்டியிருக்கும். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள் இல்லையா?

கோர்ட் வரைக்கும்

கமிஷன் சொன்னதையெல்லாம் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். கிராண்ட் சென்ட்ரல் என்ற இன்னொரு ரயில் நிலையத்தை 1967-ல் பாதுகாப்பில் எடுத்தார்கள். அதன் தலைமேல் 55 மாடி எழுப்ப ரயில் கம்பெனி திட்டம் போட்டது. கமிஷன் முடியாது என்றது. எங்கள் இடத்தில் நாங்கள் கட்டுவதைத் தடுக்க நீங்கள் யார் என்று கம்பெனி வழக்குப் போட, முதல் கோர்ட்டில் கம்பெனிக்கே ஜெயம். அப்போதுதான், 1975-ல், மறைந்த ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜாக்குலின் ஒனாஸிஸ் களத்தில் இறங்கினார். மேயருக்குக் கடிதம் எழுதினார், நிருபர்களைக் கூப்பிட்டுப் பேசினார், வாஷிங்டனுக்கு ஆதரவாளர்களோடு ரயிலேறியே போனார். 1978 ஜூன் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஆறுக்கு மூன்று என்று கமிஷன் பக்கம் தீர்ப்பு. அமெரிக்கா முழுவதும் இப்படிப்பட்ட சட்டங்களுக்கு அந்தத் தீர்ப்புதான் இன்றைக்கும் பலம்.

அந்த ஸ்டேஷனின் மேற்கூரையில் நட்சத்திர மண்டலம் வரைந்திருக்கிறார்கள். 1998-ல் புதுப்பித்து முடித்தபோது கூரை முழுவதையும் துடைத்துவிட்டு, ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் அழுக்காகவே விட்டு வைத்தார்கள். முன்னே எப்படி இருந்தது என்று தெரியட்டுமே! வருஷப் பிறப்புக்கு ஒட்டடை அடித்த பிறகு வீட்டிலுள்ளவர்கள் கண்ணில் படும்படி நாமும் ஒரு மூலையை விட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

நீல நிற அடுக்களை

புகழ்பெற்ற ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் வீடும் கமிஷனின் பாதுகாப்பில் இருக்கிறது. மாளிகை இல்லை. குவீன்ஸ் பகுதியில், சாதாரணத் தொழிலாளர்கள் வாழும் தெருவில், சாதாரண வீடு. 1943-ல் அவர் கச்சேரிக்கு வெளியூர் போயிருந்த சமயம் மனைவி லூசில் பார்த்து வாங்கிவிட்டார். திரும்பி வந்த கணவருக்கு இதுதான் நம் வீடு என்று நம்பவே முடியவில்லையாம். அப்புறம் 1971-ல் கண் மூடும் வரை வேறெங்கும் போகவில்லை. அடுக்களை பூராவும் பளீரென்ற நீல அலமாரிகள். மிக்சியைக்கூட மேடைக்குள்ளேயே பதித்துக் கட்டியிருக்கிறார் லூசில்! 1983-ல் அவர் காலமானபோது வீடு நகருக்குச் சேர்ந்தது. 1988-ல் கமிஷன் அதைச் சின்னமாக அறிவித்தது. 2003-லிருந்து காட்சிசாலை.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. 1973-லிருந்து கமிஷன் கட்டடங்களின் உள்பக்கத்தையும் பாதுகாக்கலாம். ஆனால் பொதுஜனங்கள் வழக்கமாக வந்துபோகிற இடமாக இருந்தால்தான். தியேட்டர், ஸ்டேஷன், ஹோட்டல் வரவேற்பறை மாதிரி. மக்கள் குடியிருக்கும் வீட்டின் உள்ளறைகளுக்கு அந்த அதிகாரம் செல்லாது. முகப்புதான் ஊருக்குச் சொந்தம். அடுக்களைக்கு மஞ்சள் அடித்தாலும் பச்சை அடித்தாலும் கமிஷன் கேட்காது. இதைத் தெரிந்து கொண்டபோதுதான் என் கோபம் பாதியாயிற்று.

மீதிப் பாதி

வீட்டுக்காரம்மாள் கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். பென்ஷனும் வாடகையும்தான் வருமானம். ஒருநாள் ரசமும் பருப்புத் துவையலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மெதுவாக ஜன்னல் பேச்சை எடுத்தேன். மகள் மொழிபெயர்த்தாள்.

முகப்பு ஜன்னலைப் புதிதாக மாற்றினால், பழையது எப்படி இருந்ததோ அந்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் ஜன்னலை மாட்டிவிட முடியாது. பின்பக்கம், தெருவில் போகிறவர் கண்ணில் படாத இடத்தில், கண்டிப்பு குறைவு. அனுமதி வாங்குவது பெரிய பாடில்லை, பெரும்பாலான மனுக்களை ஆபீஸில் இருப்பவர்களே பார்த்து முடித்து விடுகிறார்கள். விசாரணை வரை போவது கொஞ்சம்தான். அனுமதியில்லாமல் மாற்றினால் முதலில் எச்சரிக்கைக் கடிதம் வரும், சரி செய்ய அவகாசம் தருவார்கள், அதையும் மீறினால் அபராதம்.

"கமிஷன் என் ஜன்னலை அழகு என்கிறது. காசு கொடுப்பது நானல்லவா?" என்றார் அந்த அம்மாள்.

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்கு முகப்பைப் பழுது பார்க்கக் கமிஷனே மானியம் தருகிறது. கன்சர்வன்சி என்ற தனியார் அமைப்பு கடன் தருகிறது. ஆனால் கேட்கிறவர் எல்லாருக்கும் கிடைத்துவிடுமா? தெருவின் அழகைப் பத்துப்பேர் ரசிக்க, செலவு ஒருவர் தலையில் விழுகிறது என்பது உண்மைதான். அதே அம்மாள்தான், எதிர் வீட்டுக்காரர் படிக்கட்டை இடித்துவிட்டுக் கார் நிறுத்த நினைத்தபோது, முதல் ஆளாகப் போய்க் கமிஷனில் சொன்னேன் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்!

கடைசியில் வழி பிறந்தது. ஜன்னலை மாற்றினால்தானே அனுமதி? பழுது பார்க்கலாமே! உடைந்த கண்ணாடியை மாற்றுவது, இடுக்குகளைப் பசை வைத்து அடைப்பது, பழைய நிறத்திலேயே திரும்ப வர்ணம் அடிப்பது, இதற்கெல்லாம் கமிஷனிடம் போகவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கைக்குழந்தைக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பழைய வீடுகளின் வர்ணத்தில் ஈயம் இருக்கும். நியூயார்க் வீடுகளில் ஈய வர்ணத்தை 1960-லேயே தடை செய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் அடித்தது அடிப்பூச்சில் அப்படியே இருக்குமே! ஜன்னலை ஏற்றி இறக்கும்போது உராய்ந்து உராய்ந்து தூசியாக விழும். தவழும் குழந்தை கையை வாயில் வைத்தால் போச்சு. மூளை வளர்ச்சியையே கெடுக்கும் விஷம் அது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் பழைய கட்டடங்களில், சொந்தக்காரரே இதைச் சோதித்துச் சரி செய்ய வேண்டும் என்று 2004-ம் வருஷத்து நகரச் சட்டம் ஒன்று சொல்கிறது. காய்ந்த வர்ணத்தைச் சும்மா சுரண்டவோ, துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். வேலை நடக்கும்போது குழந்தை அந்த அறைப் பக்கமே வரக்கூடாது.

அதற்கென்று பயிற்சி பெற்ற தச்சர் ஒருவரை வீட்டுக்காரம்மாள் வரவழைத்தார். நாங்கள் குழந்தையோடு இரண்டு நாள் மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டுக்குப் போய்விட்டோம். தச்சர் தரை பூராவும் பிளாஸ்டிக் விரித்து, ஈரம் தெளித்து வேலை செய்து, முடிந்ததும் துடைத்துச் சோதித்துவிட்டுத்தான் கூப்பிட்டார். சட்டத்தின் பக்கத்திலுள்ள மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டு! ஒரு பக்கக் கயிறு அறுந்து, சட்டம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அந்த இடைவெளியில்தான் இத்தனை நாளும் காற்று. புதுக் கயிறு போட்டு, விளிம்பெல்லாம் பட்டை ஒட்டி, வெளி இடுக்கைப் பசை வைத்து அடைத்தார். ஜன்னல் அதே ஜன்னல். நெளிநெளியான பழைய கண்ணாடிகூட அப்படியே. அது வழியாகப் பார்த்தால் எதிர் வீட்டுப் படிக்கட்டு தண்ணீருக்குள் இருப்பது மாதிரி லேசாக ஆடுகிறது.

அன்று ராத்திரி தொட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து போட்டோம்.